டெகுவின் குளிர்கால உறக்கம்: நோயிலிருந்து பிரித்தறிவது எப்படி?

வளர்ப்புப் பல்லிகளில் டெகு அளவுக்கு வளர்ப்பவரைக் குழப்பும் பிராணிகள் குறைவு. கோடை முழுவதும் கிண்ணத்தில் வைத்ததையெல்லாம் விழுங்கிவிட்டுக் கதவருகே வந்து நின்ற பிராணி, இலையுதிர்காலம் பிறந்ததும் முட்டையை நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு விலகிப் போகிறது. விளக்கு எரியத் தொடங்கி நண்பகல் ஆகியும் வளையைவிட்டு வெளியே வருவதில்லை. சில வாரங்கள் சென்றதும் மண்ணைப் போர்த்திக்கொண்டு நாள்கணக்கில் அசையாமல் கிடக்கிறது. இது இயல்பான குளிர்கால உறக்கமா, உயிரைப் பறிக்கப்போகும் நோயின் தொடக்கமா? இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. உறங்கும் பிராணியை நோயாளி என்று எண்ணி, வாயைத் திறந்து உணவைத் திணிப்பவர்கள் உண்டு. நோயுற்ற பிராணியை உறங்குகிறது என்று நம்பி மூன்று மாதம் விட்டுவைத்து, வசந்தத்தில் அதன் உடலைத் தோண்டி எடுப்பவர்களும் உண்டு. அசையாமல் கிடப்பதும் உண்ணாமல் இருப்பதும் தம்மளவில் உறக்கத்துக்குச் சான்று ஆகமாட்டா என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். உறக்கம் வரும் பருவம், அது படிப்படியாக வரும் முறை, அந்த மாதங்களில் உடல் தேயாமல் நிற்கும் நிலை ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால் மட்டுமே அதை உறக்கம் என்று சொல்ல முடியும்.

இந்தப் பிராணி எந்த மண்ணில் உருவானது என்பதிலிருந்து தொடங்கினால்தான் இந்த மூன்றும் ஏன் முக்கியம் என்பது விளங்கும். உலகெங்கும் அதிகம் வளர்க்கப்படுவது அர்ஜென்டினக் கறுப்பு வெள்ளை டெகு. 1839-இல் துமேரில், பிப்ரோன் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர்கள் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்திய இந்த இனம், 2012-க்குப் பிறகு சால்வட்டார் மெரியானே என்று அழைக்கப்படுகிறது. பார்வைக்கு நம் உடும்பை நினைவூட்டும். ஆனால் உடும்புக் குடும்பத்தோடு இதற்கு நெருங்கிய உறவில்லை. அமெரிக்கக் கண்டங்களுக்கே உரிய டெய்யிடே குடும்பத்தைச் சேர்ந்தது. வளர்ந்த ஆண் ஒரு மீட்டருக்கு மேல் நீளும். ஐந்து கிலோவையும் தாண்டும். பிரேசிலின் தென்கிழக்குப் பகுதி, உருகுவே, பராகுவே, அர்ஜென்டினாவின் வடபகுதி ஆகியவை இதன் தாயகம். அங்கே ஏப்ரல், மே மாதங்களில் காற்று குளிர்ந்து வறளும். பழம், பூச்சி, பறவை முட்டை எல்லாம் அரிதாகும். அப்போது டெகு தன் வளைக்குள் இறங்கி, ஆகஸ்ட் மாதவாக்கில்தான் மீண்டும் வெளிச்சத்துக்கு வருகிறது. அதன் வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கடியில் கழிகிறது. அப்படிப்பட்ட உயிரினத்தின் உறக்கம் தற்செயலாக வரும் சோர்வாக இருக்க முடியாது. ஆண்டுக் கணக்கில் எழுதிவைக்கப்பட்ட ஓர் உடலியல் ஏற்பாடாகத்தான் இருக்க வேண்டும்.

இதற்கு வலுவான சான்று பிரேசிலில் நடந்த ஆய்வுகளிலிருந்து வருகிறது. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், இளம் டெகுக்களின் முதல் ஆண்டு முழுவதும் அவை எவ்வளவு ஆக்சிஜன் பயன்படுத்துகின்றன என்று அளந்தார்கள். குளிர்காலத்தில் ஓய்வுநிலை ஆக்சிஜன் பயன்பாடு, சுறுசுறுப்பான பருவத்தில் இருந்ததில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக இறங்கியது. குளிர்ந்தால் பல்லியின் உடல் மந்தமாவதில் என்ன வியப்பு என்று கேட்கலாம். வியப்பு அடுத்த அளவீட்டில் இருக்கிறது. பொதுவாக வெளி வெப்பத்தை நம்பி வாழும் விலங்குகளில், வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் வளர்சிதை மாற்றம் இரண்டு முதல் மூன்று மடங்கு ஆகும். உறங்கும் டெகுவிலோ 17 டிகிரிக்கும் 25 டிகிரிக்கும் இடையே அது கிட்டத்தட்ட மாறவே இல்லை. குளிர் மட்டுமே காரணம் என்றால், 25 டிகிரியில் அந்த உடல் விழித்திருக்க வேண்டும். விழிக்கவில்லை. அப்படியானால் உடல் தன் செலவைத் தானே அடக்கி வைத்திருக்கிறது; வெளி வெப்பம் ஓரளவு ஏறினாலும் அந்த அடக்கத்தை விட்டுக்கொடுப்பதில்லை. உறக்கத்தின்போது சிறுகுடலும் சுருங்குகிறது. செரிமானத்துக்கான உள்பரப்பே குறைந்துபோகிறது. எரிபொருளாக முதன்மையாகக் கொழுப்பு எரிகிறது. உடல் உறுப்புகள் ஒன்றையொன்று பார்த்து ஒத்திசைந்து அடங்குவதையே இவை காட்டுகின்றன.

டெகு தன் உடலின் வெப்பத்தையும் செலவையும் எவ்வளவு தூரம் தானே ஆள்கிறது என்பதற்கு எதிர்த்திசையிலிருந்தும் ஒரு சான்று உண்டு. கனடாவின் க்ளென் டாட்டர்சால் தலைமையில், பிரேசில் ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. உறக்கம் முடிந்து இனப்பெருக்கக் காலம் தொடங்கியதும், இரவில் வளைக்குள் படுத்திருக்கும் டெகுக்களின் உடல் சுற்றுப்புறத்தைவிட 10 டிகிரி வரை வெதுவெதுப்பாக இருந்ததை அவர்கள் பதிவு செய்தார்கள். பல்லி தன் உடலுக்குள்ளேயே வெப்பம் உண்டாக்கித் தக்கவைத்துக்கொள்கிறது என்பது ஊர்வன பற்றிய பழைய எண்ணத்தையே அசைத்த செய்தி. ஆண்டின் ஒரு பகுதியில் செலவை ஐந்தில் ஒன்றாகக் குறைக்கவும், இன்னொரு பகுதியில் வெளியைவிடச் சூடாகத் தன்னை வைத்துக்கொள்ளவும் தெரிந்த உடல், வெப்பமானியின் ஏற்ற இறக்கத்தை அப்படியே பின்தொடரும் உடல் ஆகாது. இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், குளிர்கால உறக்கம் டெகுவின் ஆண்டுச் சுழற்சியில் ஒரு கட்டம். அதற்கு முன்னும் பின்னும் வேறு கட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. நோய்க்கு அப்படிப்பட்ட வரிசை கிடையாது. பிரித்தறியும் முறை முழுவதும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

வரிசையின் முதல் கட்டம் உறக்கத்துக்குப் பல வாரம் முன்பே தொடங்குகிறது. கோடையின் இறுதியில் பசி உச்சத்தில் இருக்கும். வாலின் அடிப்பகுதி திரண்டு, வயிற்றுக்குள் கொழுப்பு சேரும். பிறகு பசி மெல்லத் தணியும். தினமும் உண்டது ஒருநாள் விட்டு ஒருநாள் உண்ணும். பிறகு வாரத்துக்கு ஒருமுறை பாதி உணவோடு நிறுத்தும். கடைசியில் முகர்ந்து பார்ப்பதோடு சரி. வெயில் காயும் நேரமும் இதற்கிணையாகக் குறையும். காலையில் பிந்தி எழுந்து, மாலையில் முந்தி அடங்கும். அடுத்து மண் தோண்டும் வேலை தொடங்கும். ஒரே மூலையைத் திரும்பத் திரும்பத் தோண்டி ஆழப்படுத்துவது, வைக்கோலையும் காய்ந்த இலையையும் வளைக்குள் இழுத்துச் செல்வது, உள்ளே போனபின் வாயிலை மண்ணால் அடைத்துக்கொள்வது ஆகியவை மிக நல்ல அறிகுறிகள். ஏனென்றால் இவற்றைச் செய்யத் தெம்பும் நோக்கமும் வேண்டும். உடல் நொந்த பிராணி ஒதுங்கும். ஆனால் இப்படித் திட்டமிட்டு அறை அமைத்து, கதவடைத்துப் படுப்பது அரிது. இந்தத் தணிவு இரண்டு முதல் ஆறு வாரம் வரை பரவியிருந்தால் அது பருவத்தின் வேலை என்று எண்ண இடமுண்டு. நேற்று நன்றாக உண்டு, இன்று முற்றாக நிறுத்திவிட்ட டெகுவை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இரண்டாம் கட்டம் உறக்கமே. மூச்சு நீண்ட இடைவெளி விட்டு வரும்; இதயத் துடிப்பும் தாழும். உடல் சுருண்டோ, கால்களைப் பின்னோக்கி ஒட்டவைத்து நீட்டியோ கிடக்கும். தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். புதிதாக வளர்ப்பவர் இதைப் பார்த்துச் செத்துவிட்டதோ என்று அஞ்சுவது இயல்பு. ஆனால் மெல்லத் தொட்டால் பதில் வரும்: கண் இமை பாதி திறக்கும், நாக்கு ஒருமுறை நீளும், கால் இழுத்துக்கொள்ளும், சில வேளை சீறலும் கேட்கும். பதில் தாமதமாக வரலாம். வராமலே இருக்கக் கூடாது. தாடையிலும் கழுத்திலும் சதை தளராமல் இருக்கும். கண்கள் குழியில் அமிழாமல் இருக்கும். மூக்கும் வாயும் உலர்ந்து சுத்தமாக இருக்கும். மேலும் எல்லா டெகுவும் மாதக்கணக்கில் ஒரேயடியாக உறங்குவதில்லை. சில, வாரத்துக்கு ஒருமுறை வெளியே வந்து தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் வெயில் காய்ந்து, ஏதும் உண்ணாமல் திரும்பி இறங்கும். இடையில் விழித்தது என்பதால் அது உறக்கம் இல்லை என்று ஆகிவிடாது. விழிக்கும்போது தெளிவாக விழிக்கிறதா, நேராக நடக்கிறதா, திரும்பத் தன் இடத்துக்கே போகிறதா என்பதுதான் கவனிக்கத் தக்கது.

இந்த அறிகுறிகளில் பலவும் பார்ப்பவரின் கண்ணையும் ஆசையையும் பொறுத்தவை. எண்ணால் சொல்லக்கூடிய ஓர் அளவுகோலும் இருக்கிறது, அது எடை. எண்ணெய் விளக்கு மங்கி எரிகிறது என்றால் திரியைத் தாழ்த்தியிருக்கலாம், அல்லது எண்ணெய் தீர்ந்துகொண்டிருக்கலாம். சுடரை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், அகலைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். டெகுவின் எடையே அந்த அகல். செலவு ஐந்தில் ஒன்றாகக் குறைந்த உடல், கோடையில் சேர்த்த கொழுப்பை மிக மெதுவாகத்தான் கரைக்கும்; அதனால் வாரம் வாரம் நிறுத்துப் பார்த்தால் எடை ஏறக்குறைய நிலையாக நிற்கும், அல்லது சிறிது சிறிதாக இறங்கும். நோயுற்ற உடல் அப்படி அடங்குவதில்லை. கிருமியோடு போராடும் உடலும், செரிமானம் கெட்ட உடலும் உணவு இல்லாமலேயே செலவழித்துக்கொண்டிருக்கும். எடை வேகமாகச் சரியும், வாலின் அடியும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டு தெரியும். உறக்கத்துக்கு முன் இருந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும் என்பது ஊர்வன வளர்ப்பில் பொதுவாகக் கடைப்பிடிக்கும் எல்லை. சமையலறைத் தராசு சிறு குட்டிக்குப் போதும். பெரியதற்கு ஒரு பெட்டியில் வைத்து நிறுக்கலாம். முந்தைய எடை குறிப்பேட்டில் இல்லையென்றால் இந்த அளவுகோல் பயன்படாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நோயின் பக்கம் வருவோம். உறக்கத்தோடு ஒருபோதும் சேராத சில அறிகுறிகள் உண்டு. அவற்றில் ஒன்று தெரிந்தாலும் பருவக் கணக்கை ஒதுக்கிவைத்துவிட வேண்டும். மூக்கில் குமிழி, வாயோரம் சளி, வாயைத் திறந்து இழுத்து மூச்சுவிடுதல் ஆகியவை நுரையீரல் தொற்றின் அடையாளங்கள். கை கால் நடுக்கம், மிருதுவாகிப்போன தாடை, வளைந்த கால், பின்னுடலை இழுத்து நகர்தல் ஆகியவை கால்சியமும் டி3 வைட்டமினும் குறைந்து எலும்பு நலிந்ததைக் காட்டுபவை. மூட்டு வீக்கத்துக்குப் பின்னால் சிறுநீரகக் கோளாறு இருக்கலாம். நாற்றமெடுக்கும் நீர்த்த மலம் குடல் ஒட்டுண்ணிகளை நினைவூட்டும். உப்பிய வயிறோடு மலமே வராதிருந்தால் விழுங்கிய மண்ணோ மரத்தூளோ குடலை அடைத்திருக்கக்கூடும். இன்னொரு நுட்பமான வேறுபாடு கிடக்கும் இடம். உறங்கப் போகும் டெகு இருட்டையும் குளிர்ச்சியையும் தேடி ஆழத்துக்குப் போகும். நலமில்லாத டெகு பெரும்பாலும் இடம் தேர்வதே இல்லை. திறந்த வெளியில், விளக்குக்கு நேர் கீழே, அல்லது தண்ணீர்த் தொட்டிக்குள் தலையைச் சாய்த்துக் கிடக்கும்.

இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒரு நிலை இருக்கிறது. பெரும்பாலான குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. கூண்டே கெட்டுப்போயிருக்கும் நிலை அது. டெகு வெயில் காயும் இடத்தின் மேற்பரப்பு 45 டிகிரிக்குக் குறையாமல் சுட வேண்டும்; மறுமுனை 25 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும்; காற்றில் ஈரப்பதமும் கணிசமாக வேண்டும். சூடு தரும் விளக்கு பழுதாகி 30 டிகிரியோடு நின்றுவிட்டால், பிராணி சூடேற முடியாமல் மந்தமாகும், உண்டதைச் செரிக்க முடியாமல் உணவைத் தவிர்க்கும். பார்ப்பவருக்கு அது உறக்கம்போலவே தோன்றும். புற ஊதாக் கதிர் விளக்கு இன்னும் ஏமாற்றக்கூடியது. கண்ணுக்குத் தெரியும் ஒளி குறையாமலேயே அதன் புற ஊதா ஆற்றல் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் தேய்ந்துவிடும். ஆகவே டெகு மந்தமானால் முதலில் பரிசோதிக்க வேண்டியது கூண்டைத்தான். அதுவும் கையால் தொட்டுப் பார்த்து அல்ல, வெப்பமானியால் அளந்து. குறை தெரிந்து அதைச் சரிசெய்த சில நாள்களிலேயே பழைய சுறுசுறுப்பு திரும்பினால் விடை கிடைத்துவிட்டது. எல்லா அளவும் சரியாக இருந்தும், சுடும் இடம் காலியாகக் கிடக்க, டெகு தானாகவே குளிர்ந்த முனையை நாடிப் போகிறது என்றால், உறக்கம் என்ற முடிவுக்கு வலுச் சேர்கிறது.

பெண் டெகுவில் இன்னொரு குழப்பமும் உண்டு. உறக்கம் முடிந்து, இனச்சேர்க்கைக்குப் பின் முட்டையிடும் காலம் நெருங்கும்போது, அதுவும் மண் தோண்டும், வைக்கோல் சேர்க்கும், உணவைக் குறைக்கும், ஒதுங்கிக் கிடக்கும். ஆண் துணை இல்லாமல் தனியே வளரும் பெண்ணும் கருவுறாத முட்டைகளைச் சுமக்கக்கூடும். ஒரு தடவைக்கு 20 முதல் 50 முட்டை வரை இடும் இந்த இனத்தில், முட்டை வெளிவராமல் சிக்கிக்கொண்டால் சில நாள்களில் உயிர் போகும். இங்கே காப்பாற்றுவது பருவம் பற்றிய அறிவு. வட அரைக்கோளத்தில் உறக்கம் இலையுதிர்காலத்தில் வரும். முட்டைக்கான தோண்டல் வசந்தத்தில் வரும். ஏப்ரலிலோ மே மாதத்திலோ வயிறு புடைத்த பெண் டெகு உணவை விட்டு ஓயாமல் தோண்டினால், அதை உறக்கம் என்று சொல்லிக் காத்திருப்பது ஆபத்து.

இதுவரை சொன்னதற்கு எதிராக எழும் கேள்விகளில் முதன்மையானது இது: வீட்டுக்குள், விளக்கின் கீழ், நாள் முழுதும் ஒரே வெப்பத்தில் வாழும் பிராணிக்குக் குளிர்காலம் என்று ஒன்று எப்படித் தெரியும்? கேள்வி நியாயமானது. ஆனால் 25 டிகிரியிலும் அடங்கியே இருந்த உடல்களை ஆய்வகத்தில் பார்த்தோம். வெதுவெதுப்பு மட்டுமே உறக்கத்தைத் தடுத்துவிடாது. ஜன்னல் வழியே வரும் பகல் குறுகுவதும், இரவில் அறை குளிர்வதும், காற்று உலர்வதும் கூண்டுக்குள் எட்டவே செய்யும். சூழலின் குறிப்புகளை இந்த உடல் எவ்வளவு கூர்ந்து படிக்கிறது என்பதற்கு ஃபுளோரிடா பெரிய சான்று. வளர்ப்புப் பிராணிகளாகக் கொண்டுவரப்பட்டுத் தப்பியும் கைவிடப்பட்டும் பெருகிய டெகுக்கள் அங்கே மயாமி-டேட் உள்ளிட்ட மாவட்டங்களில் நிலைபெற்றுவிட்டன. 2021-இல் அம்மாநிலம் இந்த இனத்தைத் தடைசெய்யப்பட்ட பட்டியலில் சேர்த்தது. தாயகத்தில் மே முதல் ஆகஸ்ட் வரை உறங்கும் இனம், அங்கே வட அரைக்கோளக் குளிர்காலத்தில் மண்ணுக்குள் அடங்கி, பிப்ரவரி, மார்ச் வாக்கில் வெளிவருகிறது. ஆபர்ன் நகரில் நடந்த, 2021-இல் வெளியான ஆய்வு, ஃபுளோரிடாவைவிடக் குளிர்ந்த அலபாமா மாநிலத்தின் குளிர்காலத்தையும் வெளிப்புற அடைப்புகளில் டெகுக்கள் உறங்கிக் கடக்க முடியும் என்று காட்டியது. நாள்காட்டியைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்ளத் தெரிந்த உடலுக்கு, ஒரு வீட்டின் குளிர்காலத்தைக் கண்டுகொள்வது கடினமாக இருக்காது.

குட்டிகள் முதல் ஆண்டில் உறங்குவதில்லை, ஆகவே குட்டி அடங்கினால் அது நோய்தான் என்றும் சிலர் உறுதியாகச் சொல்கிறார்கள். நான் மேலே குறிப்பிட்ட 2004 ஆய்வே முதல் ஆண்டுக் குட்டிகளைப் பற்றியதுதான், அவை உறங்கின. எனவே அந்த விதி உண்மையில்லை. ஆனால் அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. சிறிய உடலில் சேமிப்பு குறைவு, தவறைத் தாங்கும் சக்தியும் குறைவு. தாமதமாகப் பொரித்த, கோடையில் சரியாக உண்ணாத, கடையிலிருந்து வந்து சில வாரமே ஆன குட்டி உறங்க முயன்றால், அதை மருத்துவரிடம் காட்டிவிட்டு வெப்பத்தையும் வெளிச்சத்தையும் நீட்டித்து விழித்திருக்கச் செய்வதே நல்லது. உறக்கம் இயல்பானது என்பதால் எல்லா உடலும் அதற்குத் தயார் என்று பொருளாகாது.

மாறாக, சந்தேகம் வந்தால் தினமும் எழுப்பி உணவு கொடுத்துவிட்டால் என்ன, நட்டம் ஒன்றும் இல்லையே என்று கேட்பவர்களுக்கு விடை, முன்பு சொன்ன சுருங்கிய குடலில் இருக்கிறது. உறங்கும் உடலில் திணித்த இறைச்சி செரிக்காமல் உள்ளேயே கெடும். ஒவ்வொரு விழிப்பும் சேமித்த கொழுப்பைச் செலவழிக்கும். இன்னும் மோசமானது பாதி வெப்பம்: உறங்க முடியாத அளவுக்குச் சூடும், உணவைச் செரிக்கப் போதாத அளவுக்குக் குளிரும் கலந்த நிலையில் பிராணி நாளுக்கு நாள் தேய்கிறது. ஆகவே முடிவு எதுவானாலும் தெளிவாக இருக்க வேண்டும். உறங்க விடுவதென்றால், உணவை நிறுத்திய பின்னும் இரண்டு வாரம் போல வழக்கமான சூட்டைத் தொடர்ந்து, குடல் காலியான பிறகே வெப்பத்தைப் படிப்படியாகத் தாழ்த்த வேண்டும். உறைபனி எட்டாத, ஏற்ற இறக்கம் இல்லாத குளிர்ச்சியும், ஈரம் காயாத ஆழமான மண்ணும், எப்போதும் நல்ல தண்ணீரும் வேண்டும். விழித்திருக்கச் செய்வதென்றால் முழு வெப்பமும் முழு வெளிச்சமும் வேண்டும். இயற்கை என்று சொல்லி, உறங்க விரும்பாத டெகுவைக் குளிரில் தள்ளுவதற்கும் நியாயமில்லை. வீடுகளில் பல டெகுக்கள் குளிர்காலம் முழுதும் விழித்தே இருந்து நலமாக வாழ்கின்றன.

கடைசியாக ஒரு கனமான மறுப்பு: நோயுற்ற விலங்கும் பருவம் பார்த்து ஒதுங்கலாம், உறங்கும் விலங்குக்கும் உள்ளே நோய் இருக்கலாம், அப்படியிருக்க, வளர்ப்பவர் பார்த்து முடிவு செய்வது எப்படிச் சரி? இதை மறுக்க முடியாது. ஒட்டுண்ணிகள் நிறைந்த குடலோடு உறங்கப் போகும் டெகு எல்லா அறிகுறிகளையும் ஒழுங்காகக் காட்டிவிட்டு வசந்தத்தில் எழாமல் போகலாம். ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை உடைப்பதைவிட அதற்கு ஓர் எல்லை வகுக்கிறது. உறக்கம் என்று அடையாளம் காண்பது நோய் இல்லை என்று சான்றிதழ் தருவது ஆகாது. அந்தச் சான்றிதழை மருத்துவர்தான் தர முடியும். அதையும் கோடையின் இறுதியிலேயே, பிராணி விழித்து உண்டுகொண்டிருக்கும்போதே, மலப் பரிசோதனையோடு பெற வேண்டும். உறக்கம் முடிவதும் ஒரு பரிசோதனைதான். நலமான டெகு பகல் நீளத் தொடங்கியதும் தானாக வெளிவரும், நிறையத் தண்ணீர் குடிக்கும், வெயில் காயும், முதலில் தயங்கி, பிறகு ஆவலோடு உண்ணும். விழித்து இரண்டு மூன்று வாரமாகியும் உணவைத் தொடாத டெகுவை இன்னும் உறக்கக் கலக்கம் என்று சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

டெகு வளர்ப்பவர்கள் செய்ய வேண்டியது பெரிய காரியம் எதுவும் இல்லை. ஒரு குறிப்பேட்டைக் கோடையிலேயே தொடங்குங்கள்: வாரந்தோறும் எடை, உண்ட அளவு, வெயில் காய்ந்த நேரம், கூண்டின் இரு முனை வெப்பம். விளக்கு மாற்றிய தேதியையும் எழுதுங்கள். ஊர்வன பற்றித் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரை இலையுதிர்காலத்துக்கு முன்பே கண்டுவையுங்கள். பிறகு டெகு அடங்கும் நாளில் அச்சத்தாலும் ஆசையாலும் முடிவெடுக்க வேண்டிய தேவை இராது; பருவம் பொருந்துகிறதா, படிப்படியாக வந்ததா, எடை நிற்கிறதா என்று மூன்று கேள்விகளை உங்கள் குறிப்பேட்டிடமே கேட்கலாம். மூன்றுக்கும் ஆம் என்றால் அதை நிம்மதியாக உறங்க விடுங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.